தேவாங்கு - திட்டுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்

ஸ்கூல்ல என் பட்டப்பேரு தேவாங்கு. ஒல்லிக்குச்சி உடம்பு, சோடாபுட்டிக் கண்ணாடி, எதையும் ஆற அமரச் செய்யற பழக்கம். வேற என்ன பேரு வைப்பானுங்க? :) ஆனா நிஜத் தேவாங்கு நம்ம திண்டுக்கல்லுக்குப் பக்கத்துல, அய்யலூர்க் காட்டுலயே இருக்குங்கற விஷயம், வேலைக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிஞ்சது.

கேலி பண்ணினது நாம மட்டும் இல்லைங்க. 1758-ல் ஸ்வீடன்காரர் லின்னேயஸ் தேவாங்குக்கு வெச்ச லத்தீன் பேருக்கு 'மெதுவா நடப்பது'ன்னு அர்த்தம். நம்மூர்ச் சாம்பல் தேவாங்குக்குத் தனி அறிவியல் பேரு கிடைக்க 1908 வரைக்கும் ஆச்சு.

ஆனா அந்த மெதுவான நடைதான் அதோட ஆயுதமே! அமெரிக்காவுல ஓபோசம்னு ஒரு பிராணி. ஆபத்து வந்தா செத்த மாதிரி விழுந்துடும். நம்மாளு விழறதில்லை, கிளையைப் பிடிச்சபடி அப்படியே உறைஞ்சுடுவாரு. இலை அசையாது, சத்தம் வராது. ஆந்தையும் பாம்பும் எதை வெச்சு கண்டுபிடிக்கும்? கால் கிலோ தேறும் தேகம், இருட்டுல பார்க்கப் பெரிய கண்ணு. பகல்ல முள்மரத்துக்குள்ள தூக்கம், ராத்திரி பூச்சி வேட்டை. 1997-98-ல் அய்யலூர்ப் பக்கம் இரவிரவா இதுகளைப் பின்தொடர்ந்த ஆய்வாளர் அன்னா நெகாரிஸ், சாப்பாட்டுல பெரும்பகுதி எறும்பு, கரையான் மாதிரியான பூச்சிகள்தான்னு பதிவு பண்ணியிருக்காங்க. வறண்ட காட்டுல குறையாம கிடைக்கிற தீனி அதுதானே.

இவ்வளவும் ஆந்தைக்கும் பாம்புக்கும் சரி. மனுஷன்கிட்ட?

டார்ச் அடிச்சா கண்ணு நெருப்புத்துண்டு மாதிரி மின்னும். ஓடவும் தெரியாது. கையை நீட்டி எடுத்துக்கலாம். கண்ணு மருந்துக்கு, உடம்பு மாந்திரீகத்துக்குன்னு பிடிச்சாங்க. ஜோசியம் பார்க்கவும் கூண்டுல அடைச்சாங்க. காப்பாத்தின அதே குணம் காட்டிக் கொடுத்துடுச்சு. இன்னொரு சிக்கல், தேவாங்குக்குத் தாவ வராது. கிளைக்குக் கிளை தொடுப்பு வேணும். நடுவுல ரோடு வந்தா தரையில இறங்கித்தான் கடக்கணும், அதுவும் அந்த நடையில! ஓபோசம் ஒரே ஈத்துல கூட்டமா குட்டி போட்டு ஈடு கட்டிடும். இது சுமார் அஞ்சரை மாசம் சுமந்து ஒண்ணோ ரெண்டோதான் போடும்.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதை முதல் அட்டவணையில் வெச்சிருக்கு. ஆனா இதுக்குன்னே ஒரு சரணாலயம் வர இன்னும் 50 வருஷம் ஆச்சு. 2022 அக்டோபரில் கரூர், திண்டுக்கல் மாவட்டங்கள்ல 11,806 ஹெக்டேரை கடவூர் தேவாங்கு சரணாலயமா தமிழக அரசு அறிவிச்சது. இந்தியாவிலேயே தேவாங்குக்கான முதல் சரணாலயம். வேடசந்தூர், நத்தம் பக்கத்துக் காடுகளும் இதுல அடக்கம்.

சந்தோஷம்தான். ஆனா தேவாங்குக்கு எல்லைக்கல் தெரியாது மக்களே. வேலியோரத்து உடைமரமும் அதுக்கு வீடுதான். தோட்டத்தைச் சுத்தம் பண்றேன்னு அந்த ஒத்தை முள்மரத்தை வெட்டினா, அதோட பாதையும் அங்கேயே அறுந்துடும்.

இப்ப யாராவது 'தேவாங்கு'ன்னு கூப்பிட்டா எனக்குக் கோவம் வர்றதில்லை. நம்ம கரட்டுல வெயிலையும் பாம்பையும் ஆந்தையையும் ஜெயிச்ச பேராச்சே. இனி அது ஜெயிக்க வேண்டியது நம்மளைத்தான்.