ஜிலேபிக் கெண்டையும் ஒரு கிண்ணம் குழம்பும்

சின்னவேடம்பட்டி ஏரிக்கரையில் காலை நடைக்கு வரும் நண்பர் ஒருவர் சென்ற வாரம் கேட்டார்: "ஏனுங்க, இந்த ஏரி நெறஞ்சு கெடந்த காலத்துல என்ன மீனு இருந்திருக்குமுங்க?" பல்லாண்டுகள் வறண்டு கிடந்த ஏரி அது. நான் சரவணம்பட்டிக்குக் குடிவந்தது பணி ஓய்வுக்குப் பிறகுதான். ஆகவே இந்த ஏரியைப் பற்றிச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் சிங்காநல்லூர்க் குளம் நினைவுக்கு வந்தது. கூடவே, ஐம்பது வருடமாக உறுத்தும் ஒரு விஷயமும்.

1974-இல் எழுத்தர் வேலை கிடைத்துக் கோவைக்கு வந்தேன். சிங்காநல்லூரில் ஒரு லைன் வீட்டில் குடித்தனம். பக்கத்து வீட்டுக்காரர் மில் தொழிலாளி. ஞாயிறு விடிந்தால் மூங்கில் தூண்டிலும் கொட்டாங்குச்சி நிறைய மண்புழுவுமாகக் குளத்துக்குப் போய்விடுவார். நானும் சில நாள் கூடப் போயிருக்கிறேன். மயிலிறகுத் தண்டுதான் தக்கை. அது லேசாக ஆடினால் பொறுக்க வேண்டும். படுத்து ஓடினால் சுண்ட வேண்டும். பத்து மீன் வந்தால் எட்டு ஜிலேபிக் கெண்டையாக இருக்கும். உள்ளங்கை அளவு, முதுகில் வரிசையாக முள். சாம்பல் போட்டு உரசிக் கழுவி, மண்சட்டியில் புளிக் குழம்பு வைப்பார்கள்.

ஒரு ஞாயிறு அவர் மகள் ஒரு கிண்ணத்தில் அந்தக் குழம்பைக் கொண்டுவந்து, "அக்கா, அம்மா குடுக்கச் சொல்லுச்சு" என்று என் மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போனாள். நான் புதுச்சேரிக்காரன், வஞ்சிரமும் சங்கராவும் தின்று வளர்ந்தவன். "குளத்து மீனா? கொல்லையில் ஊற்று" என்றேன். கிண்ணத்தை வாங்கத் திரும்பி வந்த பிள்ளை, அது கொல்லையில் கிடப்பதைப் பார்த்துவிட்டாள். ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து குழம்பு வரவில்லை.

நான் ஏளனம் செய்த மீனின் வரலாற்றைப் பிற்பாடுதான் படித்தேன்.

இதன் பூர்வீகம் ஆப்பிரிக்காவின் தென்கிழக்குப் பகுதி. திலேப்பியா என்ற பெயர், ஸ்வானா மொழியில் மீனைக் குறிக்கும் 'த்லாபி' என்ற சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். நம் ஜனங்கள் அதை ஜிலேபி ஆக்கிவிட்டார்கள். 1930களின் இறுதியில் இந்த மீன் ஜாவாத் தீவில் தென்பட்டது. அதைக் கண்டெடுத்து வளர்த்தவரின் பெயரால் அங்கே இன்றும் 'முஜாயிர்' என்கிறார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஜாவாவின் குளங்களில் பரவியது. 1952-இல் நம் மண்டபத்துக்குக் கொண்டுவரப்பட்டது.

ஏன் கொண்டுவந்தார்கள்? உணவுப் பஞ்சமும் ரேஷனும் இருந்த காலம். ஏழை வீட்டுச் சட்டிக்கு மலிவாக மீன் வேண்டும். இந்த எண்ணம் புதிதல்ல. 1887-இல் கோவை மாவட்டக் கையேட்டை எழுதிய நிக்கல்சன் துரைதான், பின்னர் 1907-இல் சென்னை மாகாணத்தில் மீன்துறை தொடங்கியபோது அதற்குத் தலைமை தாங்கினார்.

ஆனால் கணக்கு தப்பியது. இந்த மீன் சில மாதங்களிலேயே பருவத்துக்கு வந்துவிடும். தாய் முட்டைகளை வாயில் வைத்துக் காத்துப் பொரிப்பதால் குஞ்சுகள் அதிகம் பிழைக்கும். ஆண்டுக்குப் பல தடவை இனப்பெருக்கம். குளம் நிறைந்துவிட, இரை போதாமல் எல்லாமே சிறுத்துப்போகும். கெண்டையும் மற்ற நாட்டு மீன்களும் இடத்துக்கும் இரைக்கும் திண்டாடின. 1959-இல் இதை மேற்கொண்டு பரப்பக் கூடாது என்று மீன்வள ஆராய்ச்சிக் குழு தடை சொன்னது. ஆணை எழுதுவது எங்களைப் போன்ற குமாஸ்தாக்கள் வேலை. மீன் அதைப் படிக்குமா? வாய்க்கால் வழியே, வெள்ளத்தின் வழியே அது போய்க்கொண்டே இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் படித்தது பிரெஞ்சு வழிக் கல்வி. கூவியே, வலான்சியேன் என்ற இரு அறிஞர்கள் 1828 முதல் 1849 வரை மீன்களைப் பற்றி வெளியிட்ட 22 தொகுதிகளில், லெஷனோ என்பவர் புதுச்சேரியிலிருந்து பாரீசுக்கு அனுப்பிய மீன்களும் உண்டு. அமெரிக்க ஏரிகளில் தூண்டில்காரர்கள் கொண்டாடும் 'கிராப்பி'யின் ஒரு வகையும் அதே நூலில்தான் இடம்பெற்றது. லூசியானாவின் பிரெஞ்சுக்காரர்கள் அந்த மீனுக்குச் 'சாக் ஆ லே', அதாவது பால்பை என்று செல்லப்பெயர் வைத்தார்கள். அங்கே ஏரி மீன் விருந்துச் சாப்பாடு. இங்கே நான் கொல்லையில் ஊற்றினேன்.

ஜிலேபி நாட்டு மீன்களை ஒடுக்கியது உண்மை. அதற்காக எல்லாப் பழியையும் அதன் தலையில் கட்டிவிட முடியாது. நம் குளங்களில் சாக்கடையைத் திறந்துவிட்டது மீன் அல்ல. அந்த அழுக்கிலும் தாக்குப்பிடித்து, நாலு வீட்டுச் சட்டியை நிரப்பியது அதுதான்.

போன தை மாதம் பேரப் பிள்ளைகளுடன் பவானிசாகர் போனோம். 1955-இல் கட்டி முடித்த அணை. அங்கே ஜிலேபி வறுவலுக்குக் கூட்டம் மொய்க்கிறது. நாங்களும் வாங்கினோம். முள்ளைப் பார்த்து எடுத்தால் வெள்ளைச் சதை, நல்ல ருசி. என் மனைவி ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, "அந்தப் பொண்ணுக்கு இப்ப அறுபது வயசு இருக்குமில்ல?" என்றாள்.

அவளும் மறக்கவில்லை.