பச்சைத் தண்ணீரும் தேங்காய் எண்ணெயும்: கண்டி மன்னரின் முஸ்லிம் வைத்தியர்கள்



ஜனவரி மாதக் குளிரில் கண்டியில் பிள்ளைகளின் கைகால்களைப் பார்த்தாலே தெரியும். முழங்கால் வெள்ளை பூத்திருக்கும், புறங்கை சொரசொரத்திருக்கும், உதடு வெடித்திருக்கும். போன வாரம் வகுப்பில் ஒரு மாணவன் எழுந்து கேட்டான்: "சேர், விடியக்காலையில பச்சைத் தண்ணியில குளிச்சா தோல் வரட்சி போகுமாம். ஃபோன்ல ஒருத்தர் சொல்றார். உண்மையா?"

நான் சரித்திரம் படிப்பிப்பவன், வைத்தியன் அல்ல. ஆனாலும் அந்தக் கேள்விக்குள் எங்கள் ஊர் முஸ்லிம்களின் சரித்திரம் ஒரு பெரிய பங்கு ஒளிந்திருக்கிறது. வகுப்பில் நாற்பது நிமிடத்தில் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். நீளமான பதிவுதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மார்க்கத்திலிருந்து தொடங்குவோம். அய்யூப் நபி (அலை) அவர்கள் நீண்ட காலம் நோயால் சோதிக்கப்பட்டார்கள். அது உடல் முழுவதையும் வாட்டிய நோய் என்று விரிவுரையாளர்கள் விளக்குகிறார்கள். அந்தச் சோதனை முடிந்தபோது அவர்களின் காலடியில் குளிர்ந்த நீரூற்று ஒன்றை அல்லாஹ் வெளிப்படுத்தினான், குளிப்பதற்கும் குடிப்பதற்கும். ஸூரா ஸாதில் இதை ஓதுகிறோம். குளிர்ந்த நீருக்கும் குணமடைதலுக்கும் உள்ள தொடர்பு எங்களுக்குப் புதிதல்ல.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு தாதுஸ் ஸலாஸில் படையெடுப்பின்போது அம்ர் இப்னுல் ஆஸ் (ரழி) அவர்களுக்குக் கடும் குளிரான ஓர் இரவில் குளிப்பு கடமையானது. குளித்தால் உயிருக்கே ஆபத்து என்று அஞ்சி, தயம்மும் செய்து தொழுவித்தார்கள். விடயம் நபி (ஸல்) அவர்களிடம் சென்றபோது, காரணத்தைக் கேட்டுச் சிரித்தார்களே தவிர கண்டிக்கவில்லை. அதாவது, குளிர்ந்த நீர் ஓர் அருட்கொடை. ஆனால் உடம்பைப் பார்த்துத்தான் அதைப் பயன்படுத்த வேண்டும்.

இதே கருத்தை மருத்துவ விதியாக எழுதி வைத்தவர் இப்னு ஸீனா (980-1037). அவருடைய அல்கானூன் என்ற நூலில் பச்சைத் தண்ணீர்க் குளியலுக்கென்றே நிபந்தனைகள் உண்டு. வயது, உடல்வலு, பருவகாலம் மூன்றும் பொருந்தியிருக்க வேண்டும். சிறு பிள்ளைகளுக்கும் முதியவர்களுக்கும் அது ஆகாது. சமிபாடு கெட்டவர், வயிற்றோட்டம் உள்ளவர், தூக்கம் இல்லாதவர், தடிமன் பிடித்தவர் தவிர்க்க வேண்டும். இன்று ஃபோனில் பேசுகிறவர்கள் எல்லாருக்கும் ஒரே அறிவுரையைச் சொல்கிறார்கள். ஆயிரம் வருடத்துக்கு முன்பு அவர் ஆளுக்கு ஆள் வேறு என்று சொல்லியிருக்கிறார்.

யூனானி வைத்தியத்தின் அடிப்படையே இதுதான். சூடு, குளிர், ஈரம், வரட்சி என்ற நான்கு தன்மைகள். ஒவ்வொரு மனிதருக்கும் ஒரு மிஸாஜ். வரண்ட உடம்புக்கு ஈரமும் நெய்ப்பும் கொடுக்க வேண்டும். ஆகவேதான் குளியலோடு எண்ணெயும் எப்போதும் சேர்ந்தே வந்தது. கிரேக்கர்களான புக்ராத்தும் ஜாலினூஸும் எழுதியதை அரபியில் பெயர்த்து, திருத்தி, வளர்த்த அறிவு இது.

சரி, பக்தாதிலும் புகாராவிலும் இருந்த அறிவு மகாவலி ஆற்றங்கரைக்கு எப்படி வந்தது?

கப்பலில் வந்தது. வணிகர்களோடு மருந்துச் சரக்கும், சரக்கோடு கிதாபுகளும், கிதாபுகளோடு ஹகீம்களும் வந்தார்கள். கரையோரத்தில் போர்த்துக்கேயர் முஸ்லிம்களை விரட்டியபோது அடைக்கலம் கொடுத்தது கண்டி இராச்சியம். 1626இல் செனரத் மன்னன் சுமார் 4,000 முஸ்லிம்களை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றியதை எல்லோரும் படித்திருக்கிறோம். மலைநாட்டிலும் எங்கள் முன்னோர் பரவினார்கள். தவளம் மாடுகளில் உப்பும் கருவாடும் ஏற்றி வந்தவர்களைப் பற்றி நாங்கள் பெருமையாகப் பேசுவோம். மருந்துப் பெட்டியோடு வந்தவர்களை மறந்துவிட்டோம்.

கண்டி அரண்மனையில் மன்னருக்கு மருந்து தயாரிக்கும் பகுதிக்கு "பெஹெத்கே" என்று பெயர். சிங்களத்தில் மருந்து வீடு. அதில் முஸ்லிம் வைத்தியர்கள் உயர் பதவி வகித்தார்கள். அவர்களில் புகழ் பெற்றது மாவனல்லைப் பக்கம் கெட்டபேரியவைச் சேர்ந்த கோபால குடும்பம். பெயரைக் கேட்டு மயங்க வேண்டாம், அவர்கள் முஸ்லிம்கள். தங்கள் முன்னோர் சிந்துப் பகுதியிலிருந்து வந்ததாக அந்தக் குடும்பத்தின் மரபு சொல்கிறது. மன்னர் கொடுத்த பட்டங்களோடு "வைத்தியதிலக ராஜகருணா கோபால முதலி" என்று அந்தப் பெயர் சரித்திரத்தில் நிற்கிறது.

கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் (1747-1782) காலத்தில், 1760இல், மன்னரைக் கொல்ல அரசவைக்குள்ளேயே ஒரு சதி நடந்தது. அதை முன்கூட்டியே அறிந்து மன்னருக்குத் தெரிவித்தவர் கோபால முதலி. மன்னர் உயிர் தப்பினார். நன்றிக்கடனாகக் காணிகள் வழங்கப்பட்டன. எங்கள் சமூகத்தின் வரலாற்றை ஆராய்ந்து பெருநூல் எழுதிய சிங்கள வரலாற்றாசிரியர் லோர்னா தேவராஜா இந்தக் குடும்பத்தைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நாயக்கர் வம்சத்தில் பிறந்து, பௌத்தத்தைப் புரந்த ஒரு மன்னர், நோய் வந்தால் மருந்துக் கிண்ணத்தை வாங்கியது ஒரு முஸ்லிமின் கையிலிருந்து. அரசவைகளில் நஞ்சுக்கு அஞ்சிய காலம் அது. அந்தக் கிண்ணத்தில் இருந்தது மருந்து மட்டுமல்ல, நம்பிக்கையும்தான்.

ஆங்கிலேயர் காலத்திலும் இந்த மரபு உடனே அறுந்துவிடவில்லை. 1806இல் மீரா லெப்பை மேஸ்திரியார் என்ற முஸ்லிம் வைத்தியர் சுதேச வைத்தியத்துக்கான மேற்பார்வையாளராக நியமிக்கப்பட்டார். பிரதம நீதியரசராக இருந்த சேர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன் 1827இல் எழுதிய கடிதத்தில் அவரைப் புகழ்ந்து, அவரிடம் இருந்த மூலிகை நூல்களில் சில எழுநூறு, எண்ணூறு வருடங்களாக அந்தக் குடும்பத்தில் இருந்து வந்தவை என்று குறிப்பிடுகிறார். அந்த நூல்கள் இன்று எங்கே? எங்கள் சமூகம் தனக்குத்தானே கேட்க வேண்டிய கேள்வி இது.

இனி தண்ணீருக்கு வருவோம். தலதா மாளிகைக்கு முன்னால், வாவிக் கரையில் நிற்கும் "உல்பென்கே"யைத் தினமும் கடந்து போகிறோம். கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் அரசிகள் குளித்த மண்டபம் அது. வாவித் தண்ணீர் உள்ளேயே வரும்படி கட்டப்பட்டது. பிறகு ஆங்கிலேயர் மேல்மாடி கட்டி நூலகமாக்கினார்கள். அரசிகளுக்கு உல்பென்கே, ஊர் மக்களுக்குப் பீலி. பாறையிலிருந்து மூங்கிலில் விழும் பீலித் தண்ணீரில் குளித்து வளர்ந்தவர்கள் இன்னும் எங்கள் மத்தியில் இருக்கிறார்கள்.

1660 முதல் ஏறத்தாழ இருபது வருடம் கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்த றொபட் நொக்ஸ், பெண்கள் தேங்காய் எண்ணெய் பூசித் தலைமுடியைப் பராமரித்ததையும், மக்கள் காட்டு இலைகளிலும் பட்டைகளிலும் தாங்களே மருந்து செய்துகொண்டதையும் எழுதியிருக்கிறார். என் உம்மும்மாவும் வெள்ளிக்கிழமை எங்களைப் பிடித்து உட்கார்த்தி, தேங்காய் எண்ணெயை இளஞ்சூடாக்கித் தலையிலிருந்து குதிக்கால் வரை தேய்த்த பிறகுதான் பீலிக்கு அனுப்புவார். குளித்து வந்ததும் ஈரம் காயும் முன்பே கைகாலில் மறுபடி ஒரு துளி. இப்னு ஸீனாவின் பெயரை அவர் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார். ஆனால் அந்த ஒழுங்கு அவர் கையில் இருந்தது.

அது சரியான ஒழுங்கு என்று இன்றைய ஆய்வும் காட்டுகிறது. 2004இல் பிலிப்பைன்ஸ் வைத்தியர்கள் தோல் வரட்சியுள்ள 34 பேரிடம் தேங்காய் எண்ணெயையும் கனிம எண்ணெயையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டும் ஒரே அளவுக்குப் பயன் தந்தன. மாறாக, ஒலிவ எண்ணெய் தோலின் பாதுகாப்புப் படையைப் பலவீனப்படுத்தலாம் என்று 2013இல் வெளியான ஓர் இங்கிலாந்து ஆய்வு சொன்னது. சிறிய ஆய்வுகள்தான். ஆனாலும், வெளிநாட்டுப் போத்தலுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்குமுன் சமையலறைப் போத்தலை ஒருமுறை பாருங்கள்.

அந்த மாணவனுக்கு நான் சொன்ன பதில் இது. "மகன், கொதிக்கக் கொதிக்கச் சுடுதண்ணியும் நிறையச் சவர்க்காரமும் தோலில இருக்கிற இயற்கை எண்ணெயைக் கழுவிடும். பச்சைத் தண்ணி அவ்வளவு கழுவாது, அரிப்பையும் கொஞ்ச நேரம் அடக்கும். ஆனா அது தோலுக்கு நெய்ப்பைக் கொடுக்காது. அதை எண்ணெய்தான் கொடுக்கும். விடியக்காலைக் குளிர் தாங்காட்டி இளஞ்சூட்டில சுருக்காக் குளி. துவட்டின உடனே எண்ணெய் பூசு."

பெற்றோருக்கு ஒன்று. இரவில் அரிப்புக் கூடி, விரலிடுக்கில் பொரிப்பொரியாக வந்து, வீட்டில் மற்றவர்களுக்கும் தொற்றினால் அது வரட்சி அல்ல, சிரங்காக இருக்கலாம். வைத்தியரிடம் காட்டுங்கள். சீனி வருத்தம் உள்ளவர்களின் பாதவெடிப்பை எண்ணெயோடு விட்டுவிடாதீர்கள். தோலை வெள்ளையாக்கும் களிம்புகளைப் பிள்ளைகளுக்குப் பூசவே வேண்டாம். அவற்றில் பாதரசம் கலந்தவை உலகெங்கும் பிடிபட்டிருக்கின்றன. எங்கள் முன்னோர் தோலின் நலத்துக்கு மருந்து செய்தார்கள், நிறத்தை மாற்ற அல்ல.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன்?

2018 பெப்ரவரியில் அம்பாறையில் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் மலடாக்கும் மாத்திரை கலந்து கொடுக்கிறார்கள் என்று ஒரு வதந்தி பரவியது. அப்படி ஒரு மாத்திரை உலகத்திலேயே இல்லை. மறுமாதம் திகனையிலும் அக்குறணையிலும் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். முஸ்லிமின் கையால் கொடுப்பதை உண்ண அஞ்ச வேண்டும் என்று சொல்லப்பட்டது இதே கண்டி மாவட்டத்தில்தான் நெருப்பாக எரிந்தது. முஸ்லிமின் கையால் மன்னர் மருந்து குடித்ததும் இதே கண்டியில்தான்.

அந்தக் கதையை எங்கள் பிள்ளைகளே அறியாமல் இருந்தால், அயல்வீட்டுப் பிள்ளைகளுக்கு யார் சொல்வது?

உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் பழைய வைத்திய ஏடோ, அரபுத்தமிழில் எழுதிய கொப்பியோ இருந்தால் கறையான் அரிக்குமுன் படம் எடுத்து வையுங்கள். மூத்தும்மாமார் எண்ணெய் காய்ச்சும் முறையை அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். மாவனல்லைப் பக்கம் உள்ளவர்கள் கெட்டபேரிய பற்றி உங்களுக்குத் தெரிந்ததைக் கீழே பதியுங்கள். பிழை இருந்தால் திருத்துங்கள். சிங்களம் நன்றாக எழுதக்கூடியவர்கள் இதைச் சிங்களத்தில் எழுதிப் பகிர்ந்தால் பெரும் உதவி.

நோயைத் தந்தவனே நிவாரணத்தையும் தந்திருக்கிறான். அதைத் தேடிக் கண்டுபிடித்து, சாதி சமயம் பாராமல் பகிர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். அல்லாஹ் அந்த முன்னோர்களின் கப்றுகளை ஒளிமயமாக்குவானாக.

வஸ்ஸலாம்.