ஆசானை வினவிய மாணாக்கர்: நிர்மல் குமார் போஸும் காந்தியடிகளும்

ஆசிரியர் ஆகாதாரின் இயல்பை நன்னூல் பொதுப்பாயிரம் விரித்துரைக்கிறது. அரசனுக்கு இடித்துரைப்பார் துணை வேண்டும் என்கிறது குறள். ஆயின், ஆசானாகவும் தலைவராகவும் ஒருவரே விளங்கும்போது அவரை இடித்துரைப்பவர் யார்? இவ்வினாவிற்கு 1946-47-ஆம் ஆண்டுகளின் வங்காள வரலாறு தக்கதொரு சான்று தருகிறது.

கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் மானிடவியல், புவியியல் துறைகள் இன்று பாலிகஞ்ச் வளாகத்தில் இயங்குகின்றன. இவ்விரு புலங்களையும் அப்பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர் நிர்மல் குமார் போஸ் (1901-1972). ஒத்துழையாமை இயக்கத்தின்போது படிப்பைத் துறந்தவர், சிறை சென்றவர், காந்தியடிகளின் எழுத்துகளைத் தொகுத்து 1934-இல் வெளியிட்டவர். 1946 நவம்பரில் நவகாளிக்குச் சென்ற அடிகளுக்கு மொழிபெயர்ப்பாளராகவும் செயலராகவும் உடன்சென்றார். அடிகளுக்கு வங்கமொழி கற்பித்தவரும் இவரே. மாணாக்கரே ஆசிரியராக அமர்ந்த நிலை இது.

சிறீராம்பூரில் அடிகள் தம் பிரமச்சரிய நெறியைச் சோதித்துக்கொள்ளும் பொருட்டு, பேத்தி முறையினரான இளம்பெண் மனுவைத் தம் படுக்கையில் உறங்கச் செய்தார். சுருக்கெழுத்தாளராக இருந்த பரசுராம், தம் மறுப்புகளை நீண்டதொரு கடிதமாக எழுதி 1947 சனவரித் தொடக்கத்தில் விலகினார். தம்மிடம் கண்ட குறைகளை வெளியிட அவருக்கு முழு உரிமை உண்டு என அடிகள் விடையளித்தமை குறிப்பிடத்தக்கது. பிப்ரவரியில் வழிபாட்டுக் கூட்டத்திலும் அச்செய்தியைத் தாமே வெளிப்படுத்தினார். கிசோர்லால் மசுருவாலாவும் நரஹரி பரிக்கும் 'ஹரிஜன்' இதழ்ப் பொறுப்பினின்றும் விலகினர்.

போஸின் மறுப்பு இவற்றினின்றும் வேறுபட்டது. அடிகளின் தூய்மையை அவர் ஐயுறவில்லை. சோதனை செய்பவரின் நோக்கத்தைவிட, அதற்கு உட்படுவோர் மனத்தில் அது விளைக்கும் தாக்கத்தையே அவர் வினவினார். பெரியார் ஒருவரின் தனிநோன்பில் பிறர் கருவியாதல் தகுமோ என்பதே அவ்வினாவின் உட்கிடை. பெண்ணின் இசைவு இருந்தது எனும் விடை இங்குப் போதாது. தேசமே வணங்கும் முதியவர்முன் பதினெட்டு வயதுப் பெண்ணின் இசைவு எத்துணை விடுதலையுடையது? மார்ச்சில் போஸ் பணியினின்றும் விலகினார். 1953-இல் வெளியிட்ட 'காந்தியுடன் என் நாட்கள்' எனும் ஆங்கில நூலில் இவற்றை மறைக்காது பதிவு செய்தார். பழிதூற்றலோ புகழ்மாலையோ இன்றி எழுதப்பட்டமையே அந்நூலின் சிறப்பு எனலாம்.

விலகியவர் பகைவராகவில்லை. 1947 ஆகஸ்டில், கல்கத்தாவின் பேலியாகட்டாவில் அடிகள் தங்கியபோது போஸ் மீண்டும் உடனிருந்தார். அடிகளுடன் அங்குத் தங்கியவர் எச். எஸ். சுஹ்ரவர்தி. 1946 ஆகஸ்டில் ஏறத்தாழ நான்காயிரம் பேர் மாண்ட கல்கத்தாப் படுகொலையின்போது வங்காளத்தின் தலைமை அமைச்சராக இருந்தவர் அவர். விடுதலைக்கு முந்திய மாலையில், சினமுற்ற கூட்டம் அவரை நோக்கி அப்படுகொலைக்குப் பொறுப்பு அவரல்லவா என வினவியது. அனைவருமே பொறுப்பு என்று அவர் முதலில் விடையிறுத்தார். நேரான விடை வேண்டும் என்றது கூட்டம். ஆம், பொறுப்பு தம்முடையதே என்றார்.

அதற்குமேல் எந்த மன்றமும் அவரை வினவவில்லை. படுகொலை குறித்து ஆராய சர் பேட்ரிக் ஸ்பென்ஸ் தலைமையில் அமைக்கப்பட்ட ஆணையம், நாட்டுப் பிரிவினையோடு இறுதி அறிக்கை அளிக்காமலே முடிவுற்றது.