உருகுநிலையும் மூலக்கூற்றின் இருப்பும்: கே. எஸ். கிருஷ்ணனின் கரிமப் படிக ஆய்வுகள் குறித்த ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

இந்திய அறிவியல் வரலாற்றை எழுதுவோர் கரியமாணிக்கம் ஸ்ரீநிவாச கிருஷ்ணனை (1898–1961) பெரும்பாலும் இராமன் விளைவின் துணைக் கண்டுபிடிப்பாளராக மட்டுமே சுட்டுகின்றனர். 1928ஆம் ஆண்டின் ஒளியில் அவருடைய அடுத்த பன்னிரண்டு ஆண்டுகள் மங்கிவிடுகின்றன. ஆயினும் அவர் தனித்து நின்று தொடங்கிய பெரும்பணி கரிமப் படிகங்களின் காந்தப் பண்பு பற்றியதே. கரிமப் பொருள்களின் உருகுநிலை ஏன் வேறுபடுகிறது என்னும் பழைய வேதியியல் வினாவோடு அப்பணியை இணைத்துக் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கார்னெலியின் விதி

1882இல் தாமஸ் கார்னெலி என்னும் வேதியியலர், ஏறத்தாழ 15,000 சேர்மங்களின் தரவுகளை ஒப்பிட்டு ஒரு விதியை முன்வைத்தார். ஒரே மூலக்கூற்று வாய்பாடு கொண்ட மாற்றியங்களுள் சமச்சீர்மை மிக்கது உயர்ந்த உருகுநிலை பெறும் என்பது அதன் சாரம். சைலீனின் மூன்று மாற்றியங்கள் இதற்குச் சான்றாகும். பாரா சைலீன் 13 பாகை செல்சியசில் உருகுகிறது. ஆர்த்தோ சைலீன் −25, மெட்டா சைலீன் −48 பாகையில் உருகுகின்றன. மூன்றின் கொதிநிலைகளும் 138 முதல் 144 பாகைக்குள் அடங்கிவிடுகின்றன. எனவே வேறுபாட்டின் காரணத்தைத் திண்ம நிலையில்தான் தேடவேண்டும்.

கார்னெலியின் காலத்தில் திண்மத்தின் உள்ளமைப்பை அறியும் வழி இல்லை. அவ்விதி தனி மூலக்கூற்றின் வடிவத்தை மட்டும் நோக்கியது. படிகத்தினுள் மூலக்கூறு எவ்வாறு அமர்ந்திருக்கிறது என்பதைத் தொடவில்லை.

கல்கத்தாவும் டாக்காவும்

இவ்விடைவெளி 1921க்குப் பின் நிரம்பத் தொடங்கியது. அவ்வாண்டில் வில்லியம் ஹென்றி பிராக், நாப்தலீன், ஆந்த்ரசீன் படிகங்களை எக்ஸ் கதிர்களால் ஆராய்ந்தார். இரண்டின் அலகுக்கூடுகளும் இரு திசைகளில் ஏறக்குறைய ஒத்திருக்க, மூன்றாம் திசையில் ஆந்த்ரசீனின் கூடு ஏறத்தாழ 2.5 ஆங்ஸ்ட்ராம் நீண்டிருந்தது. இந்நீட்சி ஒரு பென்சீன் வளையத்தின் அகலத்துக்கு இணையானது. 1930இல் கல்கத்தாவின் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் கேதாரேஸ்வர் பானர்ஜி இவ்விரு படிகங்களிலும் மூலக்கூறுகளின் சாய்வை ஆராய்ந்து வெளியிட்டார்.

வத்திராயிருப்பில் பிறந்த கிருஷ்ணன் இதே வினாவை வேறொரு வாயிலாக அணுகினார். 1928இன் இறுதியில் டாக்கா பல்கலைக்கழகம் சென்ற அவர், படிகங்களின் காந்த ஏற்புத்திறன் திசைக்குத் திசை மாறுபடுவதை அளக்கலானார். சிறு படிகமொன்று மெல்லிய குவார்ட்சு இழையில் தொங்கவிடப்பட்டுச் சீரான காந்தப் புலத்தில் நிறுத்தப்படும். இழையின் மேல்முனையைப் படிப்படியாக முறுக்க, குறிப்பிட்ட ஒரு கோணத்தில் படிகம் திடீரெனப் புரளும். அக்கோணத்திலிருந்து இரு திசைகளின் ஏற்புத்திறன் வேறுபாடு கணிக்கப்படும். குஹா, எஸ். பானர்ஜி ஆகியோருடன் அவர் எழுதிய முதற்கட்டுரை 1933இல் இலண்டன் ராயல் கழகத்தின் இதழில் வெளிவந்தது. இந்தப் பானர்ஜி, மேற்சொன்ன கேதாரேஸ்வர் பானர்ஜியினும் வேறானவர்.

அரோமாட்டிக் வளையத்தின் டயாகாந்தப் பண்பு, வளையத்தளத்துக்குச் செங்குத்தான திசையில் மிகுந்திருக்கும். ஆகவே முழுப்படிகத்தின் காந்த அளவீடு, உள்ளிருக்கும் தட்டையான மூலக்கூறுகள் எப்பக்கம் சாய்ந்துள்ளன என்பதைக் காட்டிக்கொடுக்கும். படிகப் பண்பையும் மூலக்கூற்றுப் பண்பையும் இணைக்கும் இத்தொடர்பைக் காத்லீன் லான்ஸ்டேலும் கிருஷ்ணனும் 1936இல் இணைந்தெழுதிய கட்டுரை தெளிவுபடுத்தியது.

விதியின் எல்லை

இவ்வாய்வுகள் உருகுநிலையை நேரடியாக ஆராய்ந்தவை அல்ல. ஆயினும் ‘மூலக்கூறு எத்தகையது’ என்ற வினாவுடன் ‘மூலக்கூறு எவ்வாறு அமர்ந்துள்ளது’ என்ற வினாவையும் அவை அளவிடத்தக்கதாக்கின. இதன் இன்றியமையாமையை ஆந்த்ரசீன், பினாந்த்ரீன் ஆகிய மாற்றியங்கள் உணர்த்தும். இரண்டும் பதினான்கு கார்பன் அணுக்களும் பத்து ஹைட்ரஜன் அணுக்களும் கொண்டவை. இரண்டும் 340 பாகையை ஒட்டியே கொதிப்பவை. ஆனால் நேர்வரிசையில் வளையங்கள் அமைந்த ஆந்த்ரசீன் 216 பாகையிலும், வளைந்த பினாந்த்ரீன் ஏறத்தாழ 100 பாகையிலும் உருகுகின்றன.

உருகுநிலை என்பது உருகல் வெப்பத்தை உருகல் என்ட்ரோபியால் வகுத்துப் பெறும் ஈவு. சமச்சீர் மூலக்கூறு உருகும்போது என்ட்ரோபி குறைவாகவே உயரும். அதனால் உருகுநிலை ஏறும் என்பதே கார்னெலி விதிக்குப் பிற்காலத்தார் தந்த விளக்கம். ஆந்த்ரசீனின் உருகல் வெப்பம் மோலுக்கு ஏறத்தாழ 29 கிலோஜூல். பினாந்த்ரீனுக்கு ஏறத்தாழ 16.5. இவற்றிலிருந்து கணக்கிட்டால் என்ட்ரோபி உயர்வு ஆந்த்ரசீனுக்கு 60, பினாந்த்ரீனுக்கு 44 ஜூல் அளவில் அமைகிறது. அதாவது, சமச்சீர் மிக்க மூலக்கூற்றிலேயே என்ட்ரோபி உயர்வு மிகுந்துள்ளது. விதி கூறும் முடிவு சரியாயினும், அதற்குக் கற்பிக்கப்படும் காரணம் இங்கு போதாது. படிகத்தின் பிணைப்பு வலிமையே, அதாவது மூலக்கூறுகள் அமர்ந்துள்ள முறையே, உருகுநிலையை உயர்த்துகிறது.

முடிவுரை

கார்னெலி தொகுத்த விதி பாடநூல்களில் இன்றும் இடம்பெறுகிறது. அதன் உட்பொருளை ஆராயத் தேவையான படிக அறிவு உருவான களங்களுள் கல்கத்தாவும் டாக்காவும் முதன்மையானவை. 1940இல் ராயல் கழக உறுப்பினரான கிருஷ்ணனை இராமனின் நிழலிலிருந்து விலக்கிக் காண்பது தமிழர் பெருமை நோக்கியதன்று. அறிவியல் வரலாற்றின் காரணகாரியத் தொடர்பைச் சீர்செய்வதாகும்.