படிக்கத் தெரியாமல் நடத்திய பாடம்



பல வருடங்களுக்கு முன் ஏழாம் வகுப்பில் ஒரு மாணவன் தமிழ் பிராமிக் கல்வெட்டுப் படத்தைக் காட்டி, "சார், இதுல என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டான். "அது பரீட்சைக்கு வராது, உட்கார்" என்றேன். உண்மையில் எனக்கே படிக்கத் தெரியாது.

ஓய்வுக்குப் பிறகுதான் ஐராவதம் மகாதேவன் அவர்களைப் பற்றி வாசித்தேன். அவர் படித்தது வேதியியலும் சட்டமும். 1954இல் ஐ.ஏ.எஸ். பணியில் சேர்ந்தார். கல்வெட்டுப் படிப்பு அவருக்கு அலுவலக வேலை அல்ல, சொந்த ஆர்வம். பணியில் இருந்துகொண்டே, 1960களில், கரூர் பக்கத்துப் புகளூர் மலைக் குகைக் கல்வெட்டில் சேர மன்னர் மூன்று தலைமுறையைப் படித்தறிந்தார்: கோ ஆதன், அவர் மகன் பெருங்கடுங்கோ, அவர் மகன் இளங்கடுங்கோ. சங்க நூல்கள் பாடிய சேரர் மரபுக்குக் கல்லிலேயே சான்று கிடைத்தது. பழந்தமிழ்க் கல்வெட்டுகள் பற்றிய அவரது பெருநூல் 2003இல் வெளிவந்தபோது வயது எழுபதைத் தாண்டிவிட்டது.

அதன்பின் எனக்குச் சும்மா இருக்க மனம் வரவில்லை. சிறுசேரியில் காலை நடை முடிந்ததும் நோட்டில் தினம் ஓர் எழுத்து. 'க' என்பது வெறும் கூட்டல் குறிதான்! போன வாரம் புகளூர் படத்தில் 'கடுங்கோ' என்று நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன். கண் கலங்கிவிட்டது.

அன்று உட்காரச் சொன்ன தம்பி, இதைப் பார்த்தால் ஒரு நாள் வீட்டுக்கு வாப்பா. உன் கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் சார்