மதீனாவின் ஒரு மாதம்



முருகன் மலைக்கோயிலாலும் ஆடிக்கிருத்திகைக் காவடிகளாலும் அறியப்பட்ட எங்கள் திருத்தணியின் பெயர், 2025 டிசம்பர் இறுதியில் வேறொரு காரணத்துக்காக நாடெங்கும் அடிபட்டது. புறநகர் ரயிலில் வந்த வட மாநிலத் தொழிலாளர் ஒருவரை, 17 வயதுச் சிறுவர் நால்வர் அரிவாளைக் காட்டி மிரட்டிப் படம் பிடித்தனர். பின்னர் அவரைக் கொடூரமாக வெட்டினர். அக்காட்சிகள் இன்ஸ்டாகிராம் வழியே ஊரெல்லாம் பரவின.

அரிவாள் நால்வர் கையில் இருந்தது, உண்மைதான். ஆயினும் அவர்கள் யாருக்குக் காட்டுவதற்காகப் படம் பிடித்தார்கள்? பெயரும் முகமும் தெரியாத பார்வையாளர் கூட்டம் ஒன்று காத்திருக்கிறது என்ற நம்பிக்கையில்தானே! கொடுமை செய்பவனைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். அதைக் கைமாற்றும் கூட்டத்தைப் பற்றி நம் வரலாறு என்ன சொல்கிறது என்பதையே இங்கே பார்க்க விரும்புகிறோம்.

பனூ முஸ்தலிக் போர் முடிந்து படை மதீனா திரும்பிக்கொண்டிருந்தது. ஹிஜ்ரி 5 என்பாரும் உண்டு, 6 என்பாரும் உண்டு. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தொலைந்த கழுத்து மாலையைத் தேடிச் சென்றிருந்தார்கள். அவர்கள் உள்ளே இருப்பதாக எண்ணிச் சிவிகையை ஒட்டகத்தின் மீது ஏற்றிவிட்டுப் படை நகர்ந்துவிட்டது. பின்னால் வந்த ஸஃப்வான் பின் முஅத்தல் (ரலி) அவர்கள் அன்னையைத் தம் ஒட்டகத்தில் அமர்த்தி, தாம் கயிற்றைப் பிடித்து நடந்துவந்து படையுடன் சேர்த்தார்கள். நடந்தது இவ்வளவே. நயவஞ்சகர்களின் தலைவன் அப்துல்லாஹ் பின் உபை இதைக்கொண்டு ஒரு கதை கட்டினான்.

அக்கதை ஏறத்தாழ ஒரு மாதம் மதீனாவில் உலவியது. நோயுற்றிருந்த அன்னைக்கு மட்டும் அது தெரியாது. பழிக்கு ஆளானவர் கடைசியில் அறிவது இன்றைய வாட்ஸ்அப் குழுக்களிலும் மாறவில்லை! ஓர் இரவு, உடன் வந்த உம்மு மிஸ்தஹ் ஆடை தடுக்கி இடறியபோது தம் மகனையே சபித்தார். பத்ரில் கலந்துகொண்ட ஒருவரையா ஏசுகிறீர்கள் என்று அன்னை வினவியபோதுதான் செய்தி வெளிப்பட்டது. அதன்பின் உறக்கமும் இல்லை, கண்ணீரும் ஓயவில்லை.

நபி (ஸல்) அவர்கள் வதந்தியை நம்பவுமில்லை, அலட்சியமாக விட்டுவிடவுமில்லை; விசாரித்தார்கள். பிசைந்த மாவை அப்படியே விட்டு உறங்கிவிடுவார், ஆடு வந்து தின்றுவிடும், இதைத் தவிர அவரிடம் குறை எதுவும் கண்டதில்லை என்றார் பணிப்பெண் பரீரா (ரலி). நபியவர்களின் மற்றொரு துணைவியார் ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்களோ, தம் செவியையும் பார்வையையும் காத்துக்கொள்வதாகக் கூறி, நல்லதை மட்டுமே சொன்னார்கள். அவர்களுடைய உடன்பிறந்த ஹம்னா (ரலி) அக்கதையைப் பரப்பியோரில் ஒருவர் என்பதையும் வரலாறு மறைக்கவில்லை.

இறுதியில் அந்நூர் அத்தியாயத்தின் வசனங்கள் இறங்கின, பழி நீங்கியது. கட்டியவனை மட்டும் அவை கண்டிக்கவில்லை. நாவிலிருந்து நாவுக்கு மாற்றியவர்களையும், இதில் என்ன இருக்கிறது என்று அற்பமாக எண்ணியவர்களையும் சேர்த்தே கண்டித்தன. 80 கசையடி பெற்றவர்களாக ஹஸ்ஸான் பின் ஸாபித், மிஸ்தஹ், ஹம்னா ஆகிய மூவரை அபூதாவூத் குறிப்பிடுகிறது. கதையைக் கட்டிய இப்னு உபையின் பெயர் அதில் இல்லை. "வந்ததைத்தான் அனுப்பினேன், நானாக எழுதவில்லை" என்போர் இவ்விடத்தில் சற்று நின்று யோசிக்கட்டும்.

அற்பமாக எண்ணினால் என்ன நேரும் என்பதற்கு நம் காலத்திலேயே சான்று உண்டு. 2021 ஜூலையில் 'சுல்லி டீல்ஸ்' என்ற செயலி, 80க்கும் மேற்பட்ட முஸ்லிம் பெண்களின் படங்களை அவர்கள் அறியாமல் எடுத்து, ஏலத்துக்கு வைப்பதுபோல் காட்டி இழிவுபடுத்தியது. டெல்லியில் வழக்குப் பதிவாயிற்று. ஆறு மாதங்கள் ஒருவரும் கைதாகவில்லை. 2022 ஜனவரி 1 அன்று 'புல்லி பாய்' என்ற பெயரில் அதே கொடுமை மீண்டும் அரங்கேறியது. இம்முறை 100க்கும் மேற்பட்ட பெண்கள். பத்திரிகையாளர்களோடு, காணாமற்போன ஒரு மாணவரின் முதிய தாயும் அவர்களில் ஒருவர். அதன் பிறகே கைதுகள் தொடங்கின. முகமூடிக்குப் பின்னால் இருந்தவர்கள் 18, 21 வயதினர். அவர்கள் சீக்கியர் பெயர்களில் ஒளிந்துகொண்டதாக மும்பை காவல்துறை தெரிவித்தது. தம் வெறுப்புக்கு இன்னொரு சமுதாயத்தின் பெயரை இரவல் வாங்கியிருக்கிறார்கள்!

இத்தகைய துன்பம் நம் வீட்டுப் பெண்ணுக்கு நேர்ந்தால் நாம் முதலில் செய்வது என்ன? பல வீடுகளில் அவளுடைய கைப்பேசியைப் பறிக்கிறோம். சில வீடுகளில் படிப்பையும் நிறுத்துகிறோம். தண்டனை யாருக்குப் போகிறது பாருங்கள். பதிவை அழிப்பதற்கு முன் அதன் படத்தையும் முகவரியையும் நாளையும் சேமித்து, சைபர் குற்றப் பிரிவில் புகார் அளிப்பதே அவளுக்கு நாம் செய்யும் உதவி.

செய்தவன் நம் வீட்டுப் பிள்ளையாக இருந்தால்? மிஸ்தஹ் (ரலி) யார் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அன்னையின் தந்தை அபூபக்ர் (ரலி) அவர்களின் ஏழை உறவினர். அவர்களுடைய உதவித்தொகையில் வாழ்ந்தவர். மகளின் மீது பழி பரப்பியவருக்கு இனி எதுவும் தருவதில்லை என்று அபூபக்ர் (ரலி) சத்தியம் செய்தார்கள். பெருந்தன்மையுடையோர் அவ்வாறு சத்தியம் செய்ய வேண்டாம், மன்னிக்கட்டும் என்னும் கருத்தில் இறைவசனம் இறங்கியது. மிஸ்தஹுக்குரிய கசையடி விலக்கப்படவில்லை. அவருக்குரிய உதவித்தொகையும் மீண்டும் அவருடைய வீடு தேடிச் சென்றது.