சாட்சி சொன்ன பானை

ஐரோப்பிய மக்களின் வீட்டுச் சமையலில், நாட்டுக்கு நாடு பெயர் வேறுபட்டாலும் அடிப்படை மாறாத உணவு ஒன்று உண்டு. ஒரே பானையில் இறைச்சியையும் எலும்பையும் காய்கறிகளையும் இட்டு, இளந்தீயில் நெடுநேரம் வேகவைத்துக் குடும்பத்தார் அனைவரும் கூடி உண்பதே அது. பிரெஞ்சு மக்கள் இதற்கு 'நெருப்பின்மேல் பானை' என்று பொருள்படும் பெயரை இட்டனர். ஜெர்மானியர் 'ஒற்றைப் பானை' என்கின்றனர். ஸ்பெயின் நாட்டாரோ 'வெந்தது' என்ற பொருளில் 'கொசீதோ' என எளிமையாக அழைக்கின்றனர். இந்த ஸ்பானியப் பானைக்குள் திருச்சபை வரலாற்றின் துயரமான பக்கம் ஒன்று அடங்கிக் கிடக்கிறது. அதனைத் திறந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மாட்ரிட் நகரத்து வீடுகளில் கொசீதோ சமைக்கும் முறையை முதலில் காண்போம். கொண்டைக்கடலையை முதல்நாள் இரவே ஊறவைக்கின்றனர். மறுநாள் மாட்டிறைச்சி, கோழி, மஜ்ஜை நிறைந்த எலும்பு, பன்றிக் கொழுப்பு ஆகியவற்றைத் தண்ணீரிலிட்டுக் கொதிக்கவைத்து, மேலே திரளும் நுரையை நீக்குகின்றனர். கடலையை வெந்நீரில்தான் இட வேண்டும். குளிர்ந்த நீரில் இட்டால் மெதுவாக வேகாது என்பது இல்லத்தரசியரின் அனுபவப் பாடம். கேரட்டும் உருளைக்கிழங்கும் பின்னர் சேர்கின்றன. முட்டைக்கோஸைத் தனியே வேகவைத்துப் பூண்டுடன் வதக்குகின்றனர். பன்றியிறைச்சியாலும் பன்றி இரத்தத்தாலும் செய்த குழல்வடிவத் தொத்திறைச்சிகளும் இதில் இடம்பெறுகின்றன. மூன்று மணி நேரம் அளவில் எல்லாம் பக்குவமானதும், வடித்த சாற்றில் மெல்லிய சேமியாவை வேகவைத்து முதலில் பருகுவர், அடுத்துக் கடலையும் காய்கறியும், இறுதியில் இறைச்சி. ஒரு பானை மூன்று பந்திகளாக விரிகிறது.

இந்தக் கொசீதோவுக்கு மூதாதை ஒன்று உண்டு என்று உணவு வரலாற்றாளர் பலர் கருதுகின்றனர். அது இடைக்கால ஸ்பெயினில் வாழ்ந்த யூதர்களின் 'அதாபினா'. 'புதைத்தல்' என்னும் பொருள்தரும் அரபுச் சொல்லின் அடியாகப் பிறந்த பெயர் இது. ஓய்வுநாளில் வீடுகளில் தீ மூட்டலாகாது என்பது மோசேயின் சட்டம் (விப 35). ஆகவே வெள்ளிக்கிழமை கதிரவன் மறையுமுன், கொண்டைக்கடலை, ஆட்டிறைச்சி, வெங்காயம், கீரை, ஓட்டோடு கூடிய முட்டைகள் ஆகியவற்றைச் சீரகம், கொத்தமல்லி, குங்குமப்பூ போன்றவற்றுடன் மண்பானையில் அடுக்கி, வாயை இறுக மூடித் தணலில் வைத்துச் சாம்பலால் போர்த்திவிடுவர். இரவு முழுவதும் கனலும் அந்தச் சூட்டில் முட்டை வெளுப்பு நீங்கிப் பழுப்பு நிறம் அடையும். மறுநாள் தொழுகைக் கூடத்திலிருந்து வீடு திரும்பும் குடும்பத்தாருக்கு, தீ மூட்டாமலே சூடான உணவு காத்திருக்கும். அடுப்படியில் உழைக்கும் பெண்ணுக்கும் ஓய்வுநாள் உண்டு என்பதை அந்தப் பானை உறுதிசெய்தது. இறைக்கட்டளைக்குப் பணிந்த அன்பின் சமையல் அது.

அந்தப் பானை எவ்வாறு குற்றத்தின் சான்றாயிற்று?

1391-ஆம் ஆண்டு செவில் நகரில் யூதர்களுக்கு எதிராகத் தொடங்கிய வன்முறை ஸ்பெயினின் பல நகரங்களுக்கும் பரவியது. உயிருக்கு அஞ்சிப் பெருந்திரளானோர் திருமுழுக்குப் பெற்றனர். இவர்களும் இவர்களின் வழிவந்தோரும் 'புதுக் கிறிஸ்தவர்' எனப்பட்டனர். அவர்களுள் மனமார நம்பியவர் உண்டு. மறைவில் பழைய மறையைக் காத்தவரும் உண்டு. இரண்டுக்கும் இடையே தவித்தவரும் உண்டு. யார் எவ்வகையினர் என்பதை இறைவன் ஒருவரே அறிவார். ஆனால் மனிதர் அறிய விரும்பினர். பெர்டினாண்டு மன்னரும் இசபெல்லா அரசியாரும் வேண்டிக்கொண்டபடி, திருத்தந்தை நான்காம் சிக்ஸ்துஸ் 1478-இல் ஸ்பெயினில் சமய விசாரணை மன்றம் அமைக்க இசைவு அளித்தார். 1481 பிப்ரவரியில் செவில் நகரில் முதல் தண்டனைகள் நிறைவேறின, மனிதர் தீக்கிரையாயினர். திருமுழுக்குப் பெறாத யூதர்மீது இம்மன்றத்துக்கு அதிகாரம் இல்லை. திருமுழுக்குப் பெற்றவரையே அது விசாரித்தது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

உள்ளத்து நம்பிக்கையைக் கண்ணால் காண இயலாது. எனவே மன்றத்தார் கண்ணுக்குத் தெரியும் அடையாளங்களைத் தேடினர். கோவில்களில், பெரும்பாலும் தவக்காலத்தில், மக்கள் முன்னிலையில் ஓர் ஆணை வாசிக்கப்பட்டது. வெள்ளிக்கிழமை மாலை விளக்கேற்றுவோர், சனிக்கிழமை தூய ஆடை உடுப்போர், சனிக்கிழமைக்கான உணவை வெள்ளிக்கிழமையே சமைத்து வைப்போர், பன்றியிறைச்சியை விலக்குவோர், இறைச்சியிலிருந்து கொழுப்பைக் களைவோர் ஆகியோரைப் பற்றி அறிந்தவர் மறைக்காமல் வந்து சொல்ல வேண்டும் என்றது அவ்வாணை. மறைத்தவருக்குத் திருச்சபை விலக்கம் காத்திருந்தது. ஆட்டுத்தொடையின் நரம்பை நீக்குவதும்கூட ஓர் அடையாளமாயிற்று. யாக்கோபு இரவெல்லாம் போராடித் தொடைச்சந்து விலகிய நிகழ்ச்சியின் நினைவாக இஸ்ரயேலர் காத்த வழக்கம் அது (தொநூ 32).

வீட்டுக்குள் நடப்பதை அறிந்தவர் யார்? வேலைக்காரர், அண்டை வீட்டார், சில வேளைகளில் உறவினர். இவர்களே சாட்சிகளாயினர். சாட்சியின் பெயர் குற்றம் சாட்டப்பட்டவருக்கு அறிவிக்கப்படவில்லை. ஒரு பெண் என்ன சமைத்தாள், எந்த எண்ணெயில் தாளித்தாள், எந்நாளில் அடுப்பை மூட்டினாள் என்ற செய்திகள் வழக்கேடுகளில் வரிசை வரிசையாகப் பதிவாயின. டேவிட் கிட்லிட்ஸ், லிண்டா டேவிட்சன் என்னும் இரு ஆய்வாளர்கள் அவ்வேடுகளில் சிதறிக் கிடந்த குறிப்புகளைத் திரட்டி, 1999-இல் ஒரு சமையல் நூலாகவே வெளியிட்டனர். உயிரைப் பறிக்கத் தொகுத்த சாட்சியம், மறைந்துபோன ஒரு மக்களின் சமையலை நமக்குக் காத்துத் தந்திருப்பது வரலாற்றின் விந்தையே.

செவில் நகருக்கு அருகே லோஸ் பலாசியோஸ் என்ற ஊரில் ஆந்திரேஸ் பெர்னால்தெஸ் என்னும் குருவானவர் இருந்தார். அரசரின் வரலாற்றை எழுதிய அவர், புதுக் கிறிஸ்தவர்கள் அதாபினாவை விடவில்லை என்றும், பன்றிக் கொழுப்புக்குப் பதிலாக எண்ணெயில் இறைச்சி சமைக்கின்றனர் என்றும், வெங்காயமும் பூண்டும் எண்ணெயில் வதங்கும் நாற்றம் அவர்கள் வீடுகளில் வீசுகிறது என்றும் அருவருப்போடு குறித்துள்ளார். இன்று உலகிலேயே மிகுதியாக ஒலிவ எண்ணெய் உற்பத்தி செய்யும் நாடு ஸ்பெயின். ஒலிவ எண்ணெயில் வதங்கும் பூண்டின் மணமே அந்நாட்டுச் சமையலின் பெருமை! பெர்னால்தெஸ் நம்மைப் போன்ற ஒரு பங்குத்தந்தை. அடுத்த வீட்டுச் சமையலின் மணம் பிடிக்கவில்லை என்பதற்கும் அவ்வீட்டார் கடவுளுக்குப் பகைவர் என்பதற்கும் இடையே உள்ள தொலைவை மறந்துவிட ஆயருக்கும் குருவுக்கும்கூட இயலும் என்பதற்கு அவர் எழுத்து ஓர் எச்சரிக்கை.

அக்காலத்திலேயே மறுப்புக்குரல் எழாமல் இல்லை. விசாரணைக்கு இசைவளித்த அதே திருத்தந்தை, 1482 ஏப்ரலில் அரகோன் நாட்டு விசாரணையைக் கண்டித்தார். நம்பிக்கைமீதுள்ள ஆர்வத்தால் அன்று, செல்வத்தின்மீதுள்ள ஆசையால் அது நடக்கிறது என்றும், பகைவர், அடிமைகள் ஆகியோரின் சொல்லை நம்பி உண்மைக் கிறிஸ்தவர் பலர் சிறையில் வாடுகின்றனர் என்றும் வருந்தினார். ஆனால் மன்னர் சினந்து எதிர்க்கவே, அவ்வாணை நிறுத்திவைக்கப்பட்டது. 1492 மார்ச் 31-ஆம் நாள் வெளியான அரசாணை, திருமுழுக்குப் பெற மறுத்த யூதர் அனைவரும் நான்கு மாதத்துக்குள் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்றது. வெளியேறியவர் தம் பானையையும் நினைவில் சுமந்து சென்றனர். மொரோக்கோ நாட்டு யூத மரபில் இன்றும் அது 'தாபினா' என்றே வழங்குகிறது. தங்கிவிட்டவரின் பானையிலோ பன்றியிறைச்சி புகுந்தது. தாம் உண்மைக் கிறிஸ்தவர் என்று அயலாருக்குக் காட்டவே பலர் அதைச் சேர்த்தனர் என்பர் ஆய்வாளர். பசிக்காகச் சமைத்த நிலை போய், அச்சத்துக்காகவும் சமைக்க நேர்ந்தது.

தொலேதோ நகரில் 1485-ஆம் ஆண்டு துணி வணிகர் ஒருவர் மறைவில் யூத வழக்கங்களைக் கைக்கொண்டதாக மன்றத்தின்முன் ஒப்புக்கொண்டார். தவ ஆடை அணிந்து, ஏழு வெள்ளிக்கிழமைகளில் நகரத்துக் கோவில்களை ஊர்வலமாகச் சுற்றிவரும் தண்டனை அவருக்குக் கிடைத்தது. பின்னர் அக்குடும்பம் அவிலா நகருக்குக் குடிபெயர்ந்தது. அவருடைய பேத்தியே, 1515-இல் பிறந்த புனித அவிலா தெரேசா! 1622-இல் புனிதராகவும், 1970-இல் திருச்சபையின் மறைவல்லுநராகவும் உயர்த்தப்பட்டவர். தாம் நிறுவிய மடங்களின் வரலாற்றை எழுதுகையில், கீழ்ப்படிதலின் பொருட்டு அடுப்படியில் உழைக்கும் சகோதரியர் மனம் தளர வேண்டாம், பானை சட்டிகளின் நடுவிலும் ஆண்டவரைக் காணலாம் என்று அவர் தேற்றுகிறார். பாட்டனார் காலத்தில் பானைகளின் நடுவே குற்றம் தேடினர். பேத்தி அங்கே இறைவனைக் கண்டார்.

இவ்விடத்தில் நற்செய்தியை எண்ணிப் பார்ப்போம். ஆண்டவர் சிலுவையில் உயிர்நீத்த வெள்ளிக்கிழமை மாலை, கலிலேயாவிலிருந்து அவரைப் பின்பற்றி வந்த பெண்கள் நறுமணப் பொருள்களை ஆயத்தம் செய்தனர். கட்டளைப்படி ஓய்வுநாளில் ஓய்ந்திருந்தனர் (லூக் 23). உயிர்ப்பின் முதல் சாட்சிகளான அப்பெண்கள் செவில் நகரத்தில் வாழ்ந்திருந்தால், அவர்களையும் அண்டை வீட்டார் காட்டிக்கொடுத்திருப்பர் அல்லவா? மனிதரைத் தீட்டுப்படுத்துவது வெளியிலிருந்து உள்ளே செல்வதன்று, உள்ளத்திலிருந்து வெளிவருவதே என்று இயேசு தெளிவாகக் கற்பித்தார் (மாற் 7). யோப்பாவில் பேதுருவுக்குக் கிடைத்த காட்சியின் பொருளும் அதுவே (திப 10). அவ்வாறிருந்தும் அந்தியோக்கியாவில் பிற இனத்தாரோடு பந்தியமர்வதைப் பேதுரு விலக்கியபோது, பவுல் அவரை நேருக்கு நேர் கண்டித்தார் (கலா 2). தொடக்கத் திருச்சபையின் முதல் பெரும் சிக்கல்களுள் ஒன்று, யார் யாரோடு உண்பது என்பதே.

ஸ்பெயினின் விசாரணை மன்றம் 1834-இல் முடிவாக ஒழிக்கப்பட்டது. 1492-ஆம் ஆண்டின் வெளியேற்ற ஆணை செல்லாது என 1968 டிசம்பரில் அந்நாட்டு அரசு அறிவித்தது. வெளியேற்றப்பட்டோரின் வழிவந்தவர் குடியுரிமை கேட்டு விண்ணப்பிக்க 2015-இல் இயற்றிய சட்டம் வழிசெய்தது. அதற்கான காலம் 2019-இல் முடிவுற்றது. திருச்சபையும் வாளாவிருக்கவில்லை. 1965 அக்டோபர் 28-ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம், யூத மக்களுக்கு எதிரான வெறுப்பையும் துன்புறுத்தலையும் எக்காலத்துக்கும் உரியனவாகக் கண்டித்தது. 2000-ஆம் ஆண்டு மார்ச் 12-ஆம் நாள், தவக்கால முதல் ஞாயிறன்று, திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் புனித பேதுரு பேராலயத்தில் திருச்சபை மக்களின் பாவங்களுக்காக இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார். உண்மையைக் காக்கும் பெயரால் செய்த கொடுமைகளும், இஸ்ரயேல் மக்களுக்கு எதிரான பாவங்களும் அவ்வேண்டல்களில் தனித்தனியே இடம்பெற்றன. ஒரு காலத்தில் தவக்காலத்தில் கோவில்களில் ஒலித்தது, அயலாரைக் காட்டிக்கொடுக்கச் சொன்ன ஆணை. இன்னொரு தவக்காலத்தில் ஒலித்தது மன்னிப்பு மன்றாட்டு.

இது எங்கோ நடந்த கதை என்று நாம் ஒதுக்கிவிட இயலாது. போர்த்துக்கீசியர் ஆட்சியில் கோவாவிலும் 1560-இல் இத்தகைய மன்றம் அமைந்தது. இடையில் சில ஆண்டுகள் நீங்கலாக 1812 வரை இயங்கியது. அதைவிட அருகிலும் நாம் நோக்க வேண்டும். 'அவர்கள் வீட்டில் கை நனைக்க மாட்டோம்' என்னும் சொல், ஒரே நற்கருணைப் பந்தியில் அமரும் நம் குடும்பங்களில் வழக்கொழிந்துவிட்டதா? ஒருவர் சமைப்பதையும் உண்பதையும் கொண்டு அவர் உயர்ந்தவரா தாழ்ந்தவரா என்று அளக்கும் பழக்கம் நம்மைவிட்டு அகன்றுவிட்டதா? இதற்கென மன்றம் எதுவும் நம்மிடம் இல்லை. எழுதிய ஆணையும் இல்லை. ஆனால் விசாரணை மட்டும் நம் பந்திகளில் ஓசையின்றி நடந்துகொண்டே இருக்கிறது.

தவக்காலத்தில் இறைச்சி விலக்கிச் சுத்தபோசனம் காப்பது நம் நல்ல வழக்கம். அதோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ளலாம். இதுவரை நாம் கை நனைக்காத ஒரு வீட்டுக்குச் சென்று, அவர்கள் சமைத்ததை அவர்களோடு அமர்ந்து உண்போம். பங்கு முழுவதும் இதனைச் செய்தால், உயிர்ப்புப் பெருவிழாவன்று நற்கருணைப் பந்தியை அணுகும்போது, அருகில் நிற்பவரை உடன்பிறந்தார் என அழைக்க நமக்கு உரிமை இருக்கும்.